கொள்ளுத்தாத்தா வந்த கதைக்குக் காகிதம் இருக்கிறதா?

‘நம் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். ஊரில் நிலபுலன் இருந்தது. அண்ணன் தம்பி சண்டையில் கோபித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார்.’

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஊர் மாறும், சண்டைக்கான காரணமும் மாறும். சான்று கேட்டால் மட்டும் வீடு அமைதியாகிவிடும்.

அந்தச் சான்றுக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. ஓசிஐ எனப்படும் இந்திய வம்சாவளி அட்டைக்குப் பொது விதிப்படி கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரைதான் விண்ணப்பிக்கலாம். ஆனால், மொரிஷியசில் ஏழாம் தலைமுறைக்கும் இந்த வாய்ப்பு உண்டு என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. டிரினிடாட் அண்டு டொபேகோவில் ஆறாம் தலைமுறை வரை என 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. வரம்பு தளர்ந்தாலும் வம்சாவளியைக் காகிதத்தில் காட்டியே ஆகவேண்டும்.

மொரிஷியஸ்காரர்களுக்கு அது ஓரளவு எளிது. அங்கு சென்ற ஒவ்வோர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்தப் பதிவேடுகளை மகாத்மா காந்தி கழகம் பாதுகாக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கின்றன.

நம் கதை வேறு. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910ல் தடை செய்யப்பட்டது. தோட்டங்களுக்கு ஏராளமானோரைக் கொண்டுவந்தது கங்காணி முறை. 1938ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நீடித்தது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டி வந்தார். அவரது வாய்ச்சொல்தான் பெரும்பாலும் ஒப்பந்தம்.

அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் பல நேரங்களில் ஒரே ஊர்க்காரர்கள். நம் வீட்டில் மறந்துபோன ஊர்ப் பெயர், பழைய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நினைவிருக்கலாம். குலதெய்வம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் சில வீடுகளில் கிராமத்தின் பெயரே பதிலாக வந்துவிடும்.

அடுத்த சிக்கல் நம் பெயர் முறை. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’, மலேசியாவில் ‘ஏ/எல்’ என்று தகப்பன் பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுவதால், ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக முடியாது. ஆனால், ஒவ்வொரு சான்றிதழும் இரண்டு தலைமுறைகளை இணைக்கிறது. உங்களுடையது, அப்பாவுடையது, தாத்தாவுடையது என மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் சேர்ந்தால் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு வந்துவிடலாம். தகப்பன் பெயரை மட்டும் பின்தொடரும் இந்தச் சங்கிலியில் விடுபடுவோர் பாட்டிமார்கள். அவர்களின் பெயரையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

காகிதம் இல்லாததன் விலையை இலங்கை மலையகத் தமிழர்கள் அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தவர்களிடமும் தந்தை அங்கு பிறந்ததற்கு, அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்ட லயங்களில் யாரிடம் அது இருந்தது? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள்.

குடும்பக் கதையும் காகிதமும் மோதுவது நமக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் ‘எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கி இனத்தவர்’ என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். செரோக்கி நேஷன் அமைப்போ கதையையும் ஏற்பதில்லை, மரபணுச் சோதனையையும் ஏற்பதில்லை. 1898ல் தொடங்கித் தயாரிக்கப்பட்ட டாஸ் பட்டியலில் முன்னோர் பெயர் இருந்தால்தான் உறுப்பினராக முடியும். நம்மவர்கள் வாங்கும் மரபணுச் சோதனையும் இப்படித்தான். தென்னிந்தியர் என்று அது சொல்லலாம். எந்தக் கிராமம் என்று சொல்லாது.

கதைகள் சிலவற்றை மறைக்கவும் செய்யும். 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் இருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்றைய இஸ்தானா ஆகியவற்றில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. விடுதலையான பிறகு இங்கேயே தங்கியவர்களும் உண்டு. ஆனால், ‘எங்கள் முன்னோர் கைதியாக வந்தார்’ என்று நம்மில் யாரும் சொல்லிக் கேட்பது அரிது. ஆஸ்திரேலியாவில் அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். கூலியாக வந்தவரைக் கணக்கப்பிள்ளையாக மாற்றிச் சொல்லும் வீடுகள், தேடலைத் தாங்களே தவறான பதிவேட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

தேட இடங்கள் இல்லாமல் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதிக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்னிலக்கமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. மரண அறிவித்தல்களில் உறவுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் முன்னோடிகளின் குரல்களைப் பதிவுசெய்து வருகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்த இடம்.

அழிந்தவையும் உண்டு. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழர்கள் பலரின் பெயர்கூட எங்கும் இல்லை. பிடாடரி இடுகாட்டுக் கல்லறைகள் 2001 தொடங்கித் தோண்டி அகற்றப்பட்டன.

லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் சமூகத்தின் பொதுக் கதையைச் சொல்கிறது. உங்கள் குடும்பத்தின் கதை, வீவக வீட்டு அலமாரியில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது: ஒரு கடப்பிதழ், பழுப்பேறிய ஒரு கடிதம், பின்புறம் ஊர்ப் பெயர் எழுதிய ஒரு புகைப்படம். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்த டின்தான்.

வீட்டில் 80 வயதைத் தாண்டியவர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் அவரது குரலைப் பதிவு செய்யுங்கள். ஊர், குலதெய்வம், வந்த ஆண்டு, கூட வந்தவர்கள், பாட்டியின் பெயர் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். கதை சரியா தவறா என்பதை ஆவணங்களோடு பிறகு ஒப்பிடலாம். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவைப்பது முதல் வேலை.