சேத்ரிக்குப் பிறகு யார்?

2018 ஜூனில் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றது. அதில் மூன்று கோல்கள் சுனில் சேத்ரியுடையவை. பார்க்க வந்தவர்களோ 2,569 பேர். மைதானத்துக்கு வாருங்கள் என்று அவர் காணொளியில் மன்றாடிய பிறகே அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது.

2024இல் அவர் ஓய்வு பெற்றபோது, 151 சர்வதேச ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே அவரை முந்தியிருந்தனர். இவ்வரிசையை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சேத்ரியின் கோல்களில் கணிசமானவை நேபாளம், மாலத்தீவு போன்ற அணிகளுக்கு எதிராக வந்தவை. எனினும், கிரிக்கெட்டே கொண்டாடப்படும் நாட்டில் இரு பத்தாண்டுகள் தளராமல் ஆடியது சிறிய சாதனையன்று.

என் கவலை வேறு. 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவர் அணிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95ஆவது கோலையும் அடித்தார். ரசிகர்கள் மகிழ்ந்தனர். ஆனால், 2024-25 ஐஎஸ்எல் தொடரில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவரே என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியா? நம் கிளப்புகள் முன்கள வீரர் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே தருகின்றன. இளைஞர்கள் மாற்று வீரர்களாகக் காத்திருந்தே வயதைக் கடக்கிறார்கள். 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறாததில் இதற்கும் பங்குண்டு.

சேத்ரியைக் கொண்டாடுவோம். அவருடைய இடத்தில் ஓர் இளைஞனை ஆடவிடும் துணிவு கிளப்புகளுக்கு வரும்போதுதான் அக்கொண்டாட்டம் பொருள் பெறும்.