சாக்லேட்டில் ஈயம் என்கிறார்கள், நம் மஞ்சளில்?



"சாக்லேட்டில் ஈயம் இருக்கிறதாமே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாக, புவனகிரியில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். விஷயத்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நம் கடமை.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை 28 வகை டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. தினமும் சுமார் 28 கிராம் சாப்பிட்டாலே, அவற்றில் 23 வகைகளில் ஈயமோ காட்மியமோ கவலைப்படும் அளவில் உடலில் சேரும் என்று எழுதியது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாகக் கொக்கோ விதைக்குள் ஏறுகிறது. ஈயம் பெரும்பாலும் விதையை வெளியில் காயவைக்கும்போது தூசியோடு வந்து ஒட்டுகிறது. கொக்கோ அதிகமுள்ள டார்க் சாக்லேட்டில்தான் இது அதிகம். நம் கடைகளில் அதிகம் விற்கும் பால் சாக்லேட்டில் கொக்கோ குறைவு. ஆகவே கொக்கோவினால் வரும் கவலையும் குறைவு. கேட்பவர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் அதே ஈயம் மஞ்சளில் இருந்தால்? அதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. சாக்லேட் என்றைக்கோ ஒரு நாள் தின்பது. மஞ்சள் தினமும் குழம்பில் சேருவது. சாக்லேட்டில் ஈயம் தூசியாக வந்து ஒட்டுகிறது. மஞ்சளிலோ மனிதன் கையால் சேர்க்கிறான். நிறம் மங்கிய விரலி மஞ்சளைப் பளபளப்பாக்க 'லெட் குரோமேட்' என்னும் மஞ்சள் சாயத்தைப் பூசுகிறார்கள்.

மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் பாட்னா நகரில் எடுத்த மாதிரிகளில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அதாவது நூறு மடங்குக்கு மேல்! ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் நம் பங்கும் உண்டு. நல்ல நிறமாக இருந்தால் கூடுதல் விலை கொடுத்து எடுப்பது நாம்தான். விலை குறைகிறதே என்று பில் இல்லாமல் மூட்டையை இறக்கிக்கொள்வதும் நாம்தான். மொத்த வியாபாரிகளாகிய நாமே முதலில் திருந்த வேண்டும்.

2015 ஜூனில் ஈயம் அதிகம் என்று மேகி நூடுல்ஸுக்குத் தமிழக அரசு தடை விதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த தடையை ரத்து செய்து மறுசோதனைக்கு உத்தரவிட்டது. சோதனையில் தேறி, நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. அப்போது பதில் சொல்ல ஒரு கம்பெனி இருந்தது. பில் இல்லாத லூஸ் மஞ்சள் தூளில் ஈயம் இருந்தால் பதில் சொல்லப் போவது யார்? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 இதில் தெளிவாக இருக்கிறது. 26-ஆவது பிரிவின்படி, விற்பவர் கொடுக்கும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். 27-ஆவது பிரிவின்படி, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழும். பாதுகாப்பற்ற உணவை விற்றால் சிறைத் தண்டனையும் உண்டு. சில ரூபாய் லாபத்துக்காக இந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இந்தக் கலப்படத்தை ஒழிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு வங்காளதேசம் நல்ல பதில். 2019-இல் அங்கே சோதித்த மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. அரசு டாக்கா மொத்தச் சந்தையில் புகுந்து அபராதம் போட்டது. வியாபாரிகளுக்கும் மக்களுக்கும் எடுத்துச் சொன்னது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்:

ஒன்று, மஞ்சள், மஞ்சள் தூள் எதுவானாலும் பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

இரண்டு, அளவுக்கு மீறிப் பளிச்சிடும் விரலி மஞ்சளைச் சந்தேகியுங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டதும் சாயம் பிரிந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். சாயம் பிரியவில்லை என்பதற்காக நல்ல சரக்கு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்; முடிவாகச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும்.

மூன்று, வாங்குபவரும் கட்டணம் செலுத்திச் சோதனை செய்துகொள்ளச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு வழி தருகிறது. தனி ஒரு கடைக்காரருக்கு அது பாரம். சங்கம் பொதுச் செலவில் ஆண்டுக்கொரு முறை, புது மஞ்சள் வரும் சமயத்தில், மாதிரிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் மாதிரியை நம் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சளை மங்கலப் பொருள் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம்தான் பொறுப்பு.