சோதனைச் சாவடியில் உரிமையின் விலை

அண்மையில் ஓர் இரவு, திருமண வரவேற்பு ஒன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவர் காரை ஓட்டினார். புறவழிச்சாலையில் இரும்புத் தடுப்புகளை வைத்துக் காவலர்கள் வாகனத் தணிக்கை நடத்திக்கொண்டிருந்தனர். மாணவர் கைப்பேசியில் டிஜிலாக்கரைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். "ஒரிஜினல் இல்லையா?" என்றார் காவலர். பிறகு என் பக்கம் குனிந்து, "ஐயா, உங்க ஆதார்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்களிடம் நேரம் இருந்தது. பத்து நிமிடம் பேசிவிட்டு நகர்ந்தோம். அதற்குள், எங்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட உணவு விநியோக இளைஞர் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். ரசீது இல்லை. கைப்பேசியில் காட்டினால் செல்லும் என்பது தெரியாதா தம்பி என்று கேட்டேன். "தெரியும் சார். நின்னு பேசினா மூணு ஆர்டர் போயிடும்" என்றார்.

உரிமைகளைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை என்பதே நம் குறை என்று மேடைதோறும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த இளைஞருக்கு விழிப்புணர்வு இருந்தது. உரிமையைப் பயன்படுத்த ஆகும் செலவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சட்டம் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவின்படி, சீருடையிலுள்ள காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். பதிவுச் சான்றும் காப்பீட்டுச் சான்றும் கையில் இல்லையெனில், பதினைந்து நாள்களுக்குள் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டவரிடம் சேர்ப்பிக்க அதே பிரிவு இடமளிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதி 2018-இல் திருத்தப்பட்டு, மின்னணு வடிவிலான ஆவணங்கள் ஏற்கப்பட்டன. 2020 அக்டோபர் முதல் இது இன்னும் ஒரு படி முன்னேறியது: மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்துக்குத் தாள் வடிவம் கேட்கவே கூடாது. உரிமத்தைக் கைப்பற்றினால் 206-ஆவது பிரிவின்படி தாற்காலிக ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். அது இருக்கும்வரை வண்டி ஓட்டலாம்.

பின்னிருக்கையில் இருப்பவருக்கும் சாலையில் நடந்து செல்பவருக்கும் நிலைமை வேறு. குடிமகன் எந்நேரமும் அடையாள அட்டையுடன் நடமாட வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் ஏதும் கிடையாது. காவலர் முன்னிலையில் சிறு குற்றம் செய்தவர் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தால், அவற்றை அறிவதற்காகக் கைது செய்யலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது; இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-ஆவது பிரிவிலும் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இப்புதிய சட்டத்தின் 172-ஆவது பிரிவுதான் எனக்குக் கவலையளிக்கிறது. குற்றத் தடுப்புப் பணியில் காவலர் இடும் சட்டபூர்வமான கட்டளைக்கு இணங்க மறுப்பவரை, சிறிய விவகாரமாயின் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்ற வரையறையோடு, பிடித்து வைக்க அது வழிசெய்கிறது. கட்டளை சட்டபூர்வமானதா என்பதை அந்த இடத்தில் தீர்மானிப்பவர் யார்? கட்டளையிட்டவரேதான்.

காவலர் தரப்பிலும் நியாயம் உண்டு. நகைப் பறிப்பும் குடிபோதை ஓட்டமும் தணிக்கையின்றிக் குறையா. நள்ளிரவில் சாலையில் நிற்கும் காவலரிடம் பிரிவு எண்களை ஒப்பிக்கும் வீரத்தை நான் பரிந்துரைக்கவில்லை. சட்டபூர்வமான உத்தரவை மீறினால் 179-ஆவது பிரிவில் 2,000 ரூபாய் அபராதம் இருக்கிறது.

ஆனால் அபராதத்தின் அளவையும் பேச வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமமின்றி ஓட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. உயர்ந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. உரிமமே இல்லாமல் ஓட்டுவது வேறு. உரிமம் வைத்திருந்து அதைக் கையோடு எடுத்து வராதது வேறு. பின்னது வழக்கமாகப் பொதுப் பிரிவான 177-இல் அடங்கும்; முதல் முறைக்கு 500 ரூபாய். இந்த 500-க்கும் 5,000-க்கும் இடையிலான வெளிதான் பேரம் நடக்கும் சந்தை. அபராதத்தைக் கூட்டினால் தவறு குறையும் என்பது பாடநூல் தரும் விடை. வாங்குபவரிடம் விலைப்பட்டியல் இல்லாத சந்தையில் அபராதம் கூடினால் கையூட்டின் விலையும் கூடும் என்பதைப் பாடநூல் அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இந்தச் சந்தையில் மிகவும் நலிந்தவர் வடமாநிலத் தொழிலாளி. திருப்பூரிலோ கோவையிலோ இரவுப் பணி முடிந்து நடந்து வருபவரிடம் ஆதார் கேட்கப்படும்போது, அதைக் காட்டும் கட்டாயம் தமக்கு உண்டா என்று கேட்க அவருக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. அட்டை அறையில் இருந்தால் அன்றைய தூக்கம் போயிற்று. மறுநாள் கூலியும் போகலாம்.

ஆகவே, அறிவுறுத்தலை விட்டுவிட்டுச் செலவைக் குறைக்கும் வழியை அரசு பார்க்க வேண்டும். தணிக்கையிடத்தில் கைமாறும் எந்தத் தொகையும் இ-சலான் வழியாக மட்டுமே என்று உறுதியாக்கலாம். கைது செய்யும் அலுவலர் தெளிவாகத் தெரியும் பெயர் அடையாளம் அணிய வேண்டும் என்று சன்ஹிதாவின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. தணிக்கைக்கும் அதை விரிக்கலாம். உடலில் அணியும் கேமராவை அணைக்காமல் வைத்திருக்கலாம். இவற்றுக்குப் பணமும் காலமும் ஆகும் என்பார்கள். ஆகாத ஒன்றையும் சொல்கிறேன். அன்றிரவு எங்களை மறித்த இரும்புத் தடுப்பின் நெற்றி முழுவதும் ஒரு நகைக்கடையின் விளம்பரம் இருந்தது. 139-ஆவது விதியைத் தமிழிலும் இந்தியிலும் எழுத அதில் பாதி இடம் போதும்.