பொழுதே இல்லாதவர்களின் பொழுதுபோக்கு

தையலையும் காட்டுப்பூக்களைத் தேடிப் பார்ப்பதையும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடும் வழக்கம் இலக்கிய அன்பர்களாகிய நம்மிடையே வலுவாக இருக்கிறது. கவிதை எழுதுகிறவர் தவம் செய்கிறார். போர்வை தைக்கிறவர் பொழுதைப் போக்குகிறார். சங்கப் பாடலில் வரும் பூவைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினால் அது ஆய்வு. அந்தப் பூ எங்கே, எந்த மாதத்தில் பூக்கிறது என்று சேற்றில் நடந்துபோய்ப் பார்த்தால் அது ஓய்வுநேரக் கேளிக்கை. இந்தத் தரவரிசையை யார் வகுத்தார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. இப்போது கேட்கலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏப்ரல் தொடக்கத்தில் நாம் கழித்த ஒரு நாளை முன்வைத்தே இதைச் சொல்கிறோம். முற்பகல் முழுவதும் வெளியே குளிர்மழை. உள்ளே க்வில்ட் வேலை. க்வில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத்துணிகளை இணைத்து உருவாக்கிய முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. மூன்று அடுக்குகளையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது முற்றிலும் வேறொரு வேலை. அடுக்குகளைப் பிடித்து நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. பரப்பு முழுவதும் நுண்ணிய ஓட்டுத்தையல் போடலாம். அல்லது இடைவெளி விட்டு நூலைக் கோத்து முடிச்சிட்டுக்கொண்டே போகலாம். முடிச்சு விரைவில் முடியும், தையல் நீண்ட காலம் உழைக்கும். (இந்தத் 'தையலா, முடிச்சா' என்ற வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஒரு கொலை வழக்கில் இது தேவைப்படும்.)

துணித்துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விடுவது மரபு. அந்தக் கால் அங்குலம் இரக்கமற்றது. ஒவ்வோர் இணைப்பும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு துணியைக் கூடுதலாக விழுங்கினால், பதினாறு இணைப்புகள் உள்ள வரிசை தன் பக்கத்து வரிசையைவிட ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். மூலைகள் கூடா. எதுகையை எப்படியாவது இழுத்துக் கட்டிவிடலாம் என்று நம்பும் கவிஞர்கள் ஒருநாள் இந்த வேலையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பிற்பகலில் மழை விட்டதும் கொலம்பஸுக்குத் தென்கிழக்கே ஹாக்கிங் மலைப்பகுதியின் காட்டுக்குள் நடந்தோம். மேப்பிள், பீச் மரங்கள் இன்னும் இலை விடவில்லை. வெயில் தடையின்றித் தரையைத் தொடுகிறது. இக்காடுகளின் முன்வசந்தப் பூக்களுடைய வாழ்வே இந்தச் சில வாரங்களுக்குள்தான். பனி உருகியபின், மரங்கள் இலை விரித்து மேலே கூரையிடும் முன், முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உணவைக் கிழங்கில் சேர்த்துவைக்க வேண்டும். கோடையில் போய்ப் பார்த்தால் இவற்றுள் பல அங்கே இருந்த சுவடே தெரியாது.

முதலில் கண்ணில் படுவது ஸ்பிரிங் பியூட்டி. வெண்ணிற இதழில் இளஞ்சிவப்பு வரிகள். வானம் மூடினால் தானும் மூடிக்கொள்ளும். இதன் மகரந்தத்தையே நம்பி ஆண்ட்ரீனா இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு தேனீ வாழ்கிறது. ஈரமான சரிவில் ப்ளட்ரூட் இருந்தது. குருதிவேர் என்று சொல்லலாம். கிழங்கைக் கீறினால் செம்மஞ்சள் சாறு வடியும். இதன் மொட்டு வெளிவரும்போது ஒற்றை இலை அதைச் சால்வைபோலச் சுற்றியிருக்கும். விரிந்த பூவுக்கு ஓரிரு நாள் ஆயுள். காற்றும் மழையும் பலமானால் அதுவும் இல்லை. இதன் விதையில் கொழுப்புச் சத்துள்ள ஒரு சிறு ஒட்டு இருக்கிறது. அதற்காக எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, ஒட்டைத் தின்றுவிட்டு விதையைக் கழித்துப் போடுகின்றன. அங்கேயே அது முளைக்கிறது. ட்ரில்லியமும் இப்படியே எறும்பின் காலால் நகர்கிறது. விதையிலிருந்து முதல் பூவை எட்ட அதற்கு ஏழு ஆண்டுகளாவது வேண்டும். பூவுக்கு நேர் கீழே உள்ள மூன்று இலைகளோடு சேர்த்து ஒருவர் அதைப் பறித்தால், அந்த ஆண்டுக்கான சமையற்கட்டையே பெயர்த்து எடுத்ததாகும்.

ஏழாண்டு காத்திருந்து பூப்பதைப் பார்க்கப் போவதைப் 'பொழுதைப் போக்குதல்' என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். அந்த மொழியின் இன்றைய உரைநடையில் 'பெயர் தெரியாத ஏதோ ஒரு காட்டுப்பூ' அலுக்காமல் பூத்துக்கொண்டிருக்கிறது. பெயர் தெரியாதது பூவின் குற்றமன்று.

இந்தப் பூக்களுக்கும் க்வில்ட்டுக்கும் உறவு உண்டு. பனிக்கும் நிழலுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் பூக்கள் வாழ்கின்றன. வயல்வேலைக்கும் அடுப்புக்கும் குழந்தைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் ஏழைப் பெண்கள் தைத்தார்கள். பொழுது மிஞ்சிக் கிடந்ததால் பிறந்ததன்று இக்கலை.

அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில், ஆறு வளைந்தோடும் ஒரு திருப்பத்தில் இருக்கிறது ஜீஸ் பெண்ட் என்னும் கறுப்பினத்தவர் ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அங்கே வாழ்ந்த மிஸ்ஸூரி பெட்வே, 1942-இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் அணிந்து நைந்த உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைவில் வைத்து, அதைப் போர்த்திக்கொண்டு உறங்குவதற்காக. வெளுத்த நீலமும் சாம்பலும். முழங்கால் தேய்ந்த இடங்கள் அப்படியே தெரியும்.

இவ்வூர்ப் போர்வைகள் 2002-இல் முதலில் ஹூஸ்டனிலும் பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. விமரிசகர்கள் வியந்தார்கள், நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டார்கள். 2006-இல் அஞ்சல்தலைகளும் வந்தன. நல்லது. ஆனால் இன்னொரு செய்தியையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960-களில் இம்மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யப் படகேறி ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள கேம்டனுக்குப் போனார்கள். 1962-இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்கியது 2006-இல். போர்வைகள் நியூயார்க் போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கழித்தே, தைத்தவர்களுக்கு அக்கரை போகப் படகு வந்தது. சுவரில் மாட்டியதால் அவை கலையாயின என்று எழுதும் அன்பர்களுக்கு இந்தத் தேதிகளைப் பரிந்துரைக்கிறோம்.

ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸின் பைபிள் க்வில்ட் இன்று ஸ்மித்சோனியனில் இருக்கிறது. 1891-இல் வறுமையால் அதை விற்க வந்தபோது அவர் கேட்டது பத்து டாலர்; கிடைத்தது ஐந்து. விற்றபின்னும் தம் படைப்பைப் பார்த்துவிட்டுப் போகப் பலமுறை அந்த வீட்டுக்கு வந்தார். பொழுதைப் போக்கச் செய்த பொருளைப் பார்க்க எவரும் அப்படி நடந்து வருவதில்லை. ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' (1973) சிறுகதையிலும் இதே வழக்குத்தான்: படித்த மகள் பாட்டியின் போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள், வீட்டில் இருக்கும் மகளிடம் போனால் அவை போர்த்தித் தேயும். தாய் தேய்வதன் பக்கம் நிற்கிறாள். நாமும் அந்தப் பக்கமே.

இனி அந்தக் கொலை வழக்கு. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹாசக் என்ற விவசாயி படுக்கையில் கோடரியால் கொல்லப்பட்டார், மனைவி கைதானார். அவ்வழக்கைச் செய்தியாளராக எழுதியவர் சூசன் கிளாஸ்பெல் என்ற இளம்பெண். 1916-இல் அதன் நினைவிலிருந்து 'ட்ரைஃபிள்ஸ்' என்னும் ஓரங்க நாடகத்தை எழுதினார். மறு ஆண்டு சிறுகதையாகவும் ஆக்கினார். அற்பங்கள் என்பதே தலைப்பின் பொருள். நாடகத்தில் கணவன் கயிற்றால் கொல்லப்பட்டிருக்கிறான். ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் சாட்சியான பக்கத்துப் பண்ணைக்காரரும் வீடெங்கும் தடயம் தேடுகிறார்கள். உடன் வந்த இரு பெண்கள் சமையலறையில் காத்திருக்கிறார்கள். அங்கே தைத்து முடியாத ஒரு க்வில்ட் கிடக்கிறது. இவள் இதைத் தைக்க எண்ணினாளா, முடிச்சிட எண்ணினாளா என்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு ஆண்கள் சிரிக்கிறார்கள்.

சிரித்துவிட்டு வெளியே போகிறார்கள். பெண்களோ துண்டுகளைப் புரட்டுகிறார்கள். எல்லாத் தையலும் சீராக இருக்கிறது. ஒரு துண்டில் மட்டும் கை பதறியிருக்கிறது. அந்த ஒழுங்கற்ற சில அங்குலங்களில் அவர்கள் ஒரு திருமண வாழ்க்கையையே வாசித்துவிடுகிறார்கள். ஒருத்தி பேசிக்கொண்டே அத்தையலைப் பிரித்துச் சீராகத் தைக்கத் தொடங்குகிறாள்; அதாவது, சான்றை அழிக்கிறாள். தையல்பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிய கழுத்து முறிந்த பாடும்பறவையும் கிடைக்கிறது. அதையும் மறைத்துவிடுகிறார்கள். அக்காலத்து அயோவாவில் நடுவர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் காட்சியின் கனம் கூடும். 'இன்னவளின் சமமானவர்கள் கூடிய நடுவர் குழு' என்ற பொருள்படச் சிறுகதைக்குப் பெயரிட்டார் கிளாஸ்பெல்.

இந்நாடகத்துக்கு ஐந்து நடிகர்களும் ஒரு சமையலறையும் போதும். நம் சிறு நாடகக் குழுக்கள் எதுவேனும் இதை எடுத்துச் செய்யுமானால் ஒரு விண்ணப்பம்: தையல் தெரிந்த ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து உட்கார வையுங்கள். மேடையில் ஊசி பிடிக்கும் கை எந்தத் துண்டில் ஒழுங்காகவும் எந்தத் துண்டில் பதறியும் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை இயக்குநரைவிட அவர் சரியாகச் சொல்வார்.