வாங்காத கடிதம்

தில்லியில் நம்மவர் வீட்டு வாசலில் தபால்காரர் வந்து நின்று "ரெஜிஸ்ட்ரி" என்று குரல் கொடுத்தால், உள்ளே ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. ஊரில் சொத்துத் தகராறா, வங்கியா, வக்கீலா? யார் அனுப்பியது என்று தெரிவதற்கு முன்பே, வாங்கலாமா வேண்டாமா என்ற ஆலோசனை தொடங்கிவிடும்.

எனக்கும் அது நேர்ந்தது. 1994-ல் ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது கதவிடுக்கில் தபால்காரர் வைத்துவிட்டுப் போன சீட்டு இருந்தது. தபாலின் எண் இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பக்கத்து வீட்டு நண்பர், "வாங்காதீங்க சார், வாங்கினால்தானே வம்பு" என்றார். நானும் தபால் ஆபீஸ் பக்கம் போகவில்லை. கெடு முடிந்து கடிதம் திரும்பிப் போயிற்று.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எழுதியவர் பெரியப்பா மகன். தன் பங்குக்கு வந்த பூர்வீக வீட்டை விற்கப் போவதாகவும், எனக்கு வேண்டுமானால் முதலில் எனக்கே தருவதாகவும் எழுதியிருந்தாராம். "கடிதம் திரும்பி வந்ததும் உனக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிட்டேன், தம்பி" என்றார். அதற்குள் வீடு கைமாறிவிட்டது. திண்ணை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை.

சரி, அது வக்கீல் நோட்டீஸாகவே இருந்திருந்தால்? வாங்காவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது அறியாமை. 1897-ம் வருடத்து பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, உரிய கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். சேரவில்லை என்று நிரூபிப்பது நம் பாடு. செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸையே திருப்பி அனுப்பியவருக்கு அந்த அவகாசம் இருப்பதுகூடத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் வாங்கியவராகவும், விஷயம் தெரியாதவராகவும் நிற்பதில் என்ன லாபம்?

அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. சீட்டில் உள்ள 13 இலக்க எண்ணைத் தபால் துறையின் இணையதளத்தில் போட்டால், எந்த ஊர்த் தபால் ஆபீசில் பதிவானது என்று தெரியும், பெயர் தெரியாது. ஊர் தெரிந்தாலே பாதி ஊகிக்கலாம். மீதிக்கு, அடையாள அட்டையோடு தபால் ஆபீசுக்கு நேரில் போக வேண்டும். அனுப்புநர் முகவரி உறையின் மேலேயே இருக்கும். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். வாசலில் வந்து கையெழுத்துக் கேட்பது மாறவில்லை.

நம்மவர்களுக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. ஊரிலிருந்து 'எஸ். ராமன்' என்று எழுதுவார்கள். இங்கே அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'ராமன் சுப்பிரமணியன்' என்றிருக்கும். இவர் வேறு, அவர் வேறு என்று தபால்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஊரில் உள்ளவர்களுக்கு அட்டையில் உள்ளபடியே பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புமுன், தபாலை ஊர் முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஊர் வக்கீல் தமிழில் அனுப்பும் நோட்டீஸை நாளை கையெழுத்துப் போட்டு வாங்கினாலும், பிரித்து வைத்துக்கொண்டு விழிப்பார்கள். சங்கத்தில் ஞாயிறு தோறும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் கூடுகிறார்கள். அவர்களில் சட்டம் தெரிந்தவர்களும் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒரு மேஜை போட்டு, இப்படி வரும் கடிதங்களைப் படித்து விளக்கிச் சொல்ல நிர்வாகிகள் ஏற்பாடு செய்யலாமே. படித்துச் சொல்ல நான் வருகிறேன்.