விடுதியின் முகம் ஊரின் முகம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்தை நோக்கி நிற்கும் பழைய கட்டடங்களுக்கு உறுதிப்படி உரிமையாளர் உளர். ஆயினும், அவற்றின் வெளிமுகம் ஊராருக்கும் உரியது. தோணியில் வருவோனும் வீதியிற் செல்வோனும் நாள்தோறும் காண்பது அம்முகத்தையே. ஆதலின், அங்கே பழைய விடுதியொன்றின் வெளிப்புறத்தைப் புதுப்பித்தல் உரிமையாளரும் ஒப்பந்தகாரரும் மட்டும் பேசித் தீர்க்கும் காரியமன்று.

சட்டம் காக்கும் என்று வாளாவிருப்போர் உளர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளையே தொன்மைக்கு எல்லையாக வகுத்தது. அதற்குப் பின் எழுந்தவை தாமாகவே அப்பாதுகாப்பைப் பெறா. 1864இல் தோன்றிய கொழும்புக் காலிமுக விடுதியும் அவ்வெல்லைக்குப் பிற்பட்டதே. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்ததும் இத்துறைமுகத்தின் வரலாறல்லவா? அவற்றைக் கண்ட சுவர்களுக்குக் காவல் யார்?

கேடு பெரும்பாலும் திருத்தத்தின் பெயராலேயே வருகிறது. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடற்காற்றின் உப்பு படிகமாகி, பூச்சோடு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும். உவர் ஏறிய வயலில் நல்ல மண்ணைப் பரப்பினால் உவர் தீருமா? வடிகால் வேண்டும் என்பதை எமது உழவர் அறிவர். சுவருக்கும் நியதி அதுவே.

எனவே, நாம் கோருவன மூன்று. முதலாவது, உளி படுமுன் கட்டடத்தை அளந்து, படம்பிடித்து, அப்பதிவை ஊரார் பார்வைக்கு வைத்தல் வேண்டும். இரண்டாவது, சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே திருத்துதல் வேண்டும். அதற்கெனப் பவளப்பாறையை உடைத்தலாகாது, கரையை அலையினின்று காப்பது அதுவே. மூன்றாவது, நீற்றிய சுண்ணாம்பைப் பதமறிந்து குழைக்கும் முதிய மேசன்மாரை அழைத்து, அவர்களிடம் எமது இளைஞரைத் தொழில் பயில விடுதல் வேண்டும்.

இதற்குச் செலவு மிகும் என்பர். உண்மை. ஆனால், சீமெந்துப் பூச்சு உதிருந்தோறும் மீண்டும் பூசும் செலவை எவர் கணக்கிட்டார்? பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் இக்கணக்கை உள்ளூராட்சி மன்றத்தின் முன் வைக்கட்டும். அந்நியன் எழுப்பிய சுவர் நமக்கெதற்கு என்று கேட்போருக்கு ஒரு சொல்: ஆணை அவனுடையதாயினும், கல் சுமந்த தோள் இம்மண்ணின் உழைப்பாளருடையது. அவ்வுழைப்பைக் காப்பது நம் கடன்.