யூன் 5 முடிந்த பிறகு

பிள்ளைகளுக்குச் சுற்றாடலைப் படிப்பித்துவிட்டால் நாடு திருந்திவிடும் என்று அதிபர் முதல் அமைச்சர் வரை நம்புகிறார்கள். தரம் ஒன்றிலிருந்தே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம். மேல் வகுப்புகளில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி, அதற்குப் பதக்கங்கள். உலகச் சுற்றாடல் தினமான யூன் 5 வந்தால் மரநடுகை, பதாகை, பேச்சுப்போட்டி. இவற்றால் சுற்றாடல் அறிவு வளர்கிறது என்ற நம்பிக்கை பிழை. நட்ட கையோடு கடமை முடிந்தது என்ற நிம்மதியைத்தான் பிள்ளை இதில் பழகுகிறது.

பெரியவர்கள் செய்ததைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரமெங்கும் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தப்பியது 200 சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. உப்பின் அளவையும் நீர் ஏறி இறங்கும் மட்டத்தையும் பார்க்காமல், எந்த நிலத்துக்கு எந்த இனம் என்று கேளாமல் நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு பராமரிக்க ஆளில்லை, மாடும் மிதித்தது. படமெடுத்த அன்று எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் நின்றிருக்கும்.

கிழக்குக் கரையோரக் கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளை உப்பையும் நீர்மட்டத்தையும் பற்றிப் படிக்க வேறெங்கும் போகவேண்டாம். பக்கத்திலேயே கொட்டியாரக் குடா. மகாவலி வந்து விழுவது அங்கேதான். மலைநாட்டில் மண் அரித்தால் இங்கே தண்ணீர் கலங்கும். களப்பில் எப்போது உப்பு ஏறும், இறால் எப்போது உள்ளே வரும் என்று வலை வீசும் தகப்பனுக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பாடசாலையில் ஒரு புள்ளியும் இல்லை.

பக்கத்து ஊரான சம்பூரின் விடயத்துக்கு வருவோம். 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பலர் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்கள் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் திட்டமிட்டன. கடலோர அனல்மின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சிச் சூடாகத் திருப்பி விடும், சாம்பலையும் குவிக்கும். ஊர் எதிர்த்தது, சுற்றாடல் அமைப்பொன்று வழக்குப் போட்டது. 2016 செப்டெம்பரில், நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

இப்படியான பெருந்திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து, 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். தேசிய சுற்றாடல் சட்டம் தந்த உரிமை அது. தரம் ஒன்றிலிருந்தே சுற்றாடல் படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? சின்னப் பிள்ளைக்குச் சட்டம் எதற்கு என்பார்கள். சின்னப் பிள்ளை கன்றை எண்ணட்டும், மூத்தது கடிதம் எழுதட்டும்.

இந்த ஆண்டு எத்தனை கன்று நட்டீர்கள் என்று வலயக் கல்வி அலுவலகம் கேட்கவேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் நட்டதில் எத்தனை நிற்கிறது, பட்டவை ஏன் பட்டன என்று கேட்கட்டும். பதக்கத்தை அந்த விடைக்குக் கொடுக்கட்டும்.